வாசகம்: இல்லை

பெட்டி ஒரு நாள் தூங்க வேண்டும் என்றார் அம்பாரோ.
உள்ளே இருப்பது இன்னும் வலென்சியாவின் காற்றாம்,
கோலாலம்பூர் ஈரத்துக்கு அது
மெல்ல மெல்லப் பழக வேண்டுமாம்.
அவரும்தான் தூங்கியிருக்கவில்லை.
சரக்கறைக்கு நேர்மேலே இடம் கேட்டு வாங்கி
பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல்
விழித்தபடி வந்தவர்.

மறுநாள் நாலு மணி. வழக்கமான இடி.
நெய்னா முகமது திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்
கவிழ்த்த தொப்பிக்குள் போட்டார்.
நுரைப்பஞ்சை நான் விலக்கினேன்.

தட்டு.
அறுநூறு வயது.
பொன் இல்லை. பொன் என்று கண்ணை நம்பவைப்பது.
ஈய வெள்ளைப் பூச்சின்மேல்
செம்பும் வெள்ளியும் காவியும் காடியில் குழைத்துத் தீட்டி
மூன்றாம் முறை சூளையில் வைத்து
காற்றை அடைத்து, புகையில் மூச்சுத் திணறவிட்டு
ஆறியபின் கரியைத் துடைத்தால்
அடியில் இந்த மினுக்கம்.
ஏழைகளின் தங்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாங்கியவர்கள் பிரபுக்களாம்.

என் வேலை குறை எழுதுவது.
விளிம்பில், ஏழு மணித் திசையில், அரிசி அளவு உடைசல்.
பின்புறம் மயிரிழை விரிசல், நாலு சென்டிமீட்டர், பழையது.
தொங்கவிட யாரோ போட்ட இரண்டு துளை.
நடுவில் மினுக்கம் தேய்ந்திருக்கிறது:
எந்த வீட்டுச் சமையலறையிலோ ஒருத்தி
திட்டு வாங்காமலிருக்கத் தேய்த்துத் தேய்த்து.
இதை மட்டும் எழுதவில்லை.

படிவம் கேட்டது: வாசகம் உண்டா?
சுற்றிலும் நீலத்தில் ஒரு கொக்கி, ஒரு கொம்பு, ஒரு முடிச்சு.
மறுபடி கொக்கி, கொம்பு, முடிச்சு.
கொடி என்று நினைத்தேன்.
'இல்லை' என்று குறித்தேன்.
அம்பாரோ கையெழுத்திட்டார்.

கையுறையைக் கழற்றும்போதுதான் சொன்னார்,
அது முன்பு எழுத்தாக இருந்தது என்று.
அரபு. அல்-ஆஃபியா.
வரைந்தவன் அதைப் படிக்கத் தெரியாதவனாக இருக்கலாம்.
முன்னவன் கையைப் பார்த்து இவன்,
இவன் கையைப் பார்த்து இன்னொருவன்,
கொம்பு சாய்ந்து, முடிச்சு இலை விட்டு...
அவர் விரல் காற்றில் வரைந்து காட்டியது.

நெய்னா திருகாணி எண்ணுவதை நிறுத்தினார்.
"ஆஃபியத்தா? எங்க வீட்டுல போன் எடுத்தா
மொதல்ல அதைத்தானே கேக்குறாங்க."
வாசலிலிருந்து கார்டு ரொஹைடா,
"சிஹாட் வல்-ஆஃபியாட்" என்று
தன் பங்குக்கு ஒட்டவைத்தார்.
இருவரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.
இருவரும் தினம் ஓதுகிறவர்கள்.
ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

என் ஐ.சி.யில் என் பெயர் வேறு.
பதிவுக்கூடத்தில் எவரோ ஒரு குமாஸ்தா
அப்பா சொன்னதைக் காதில் வாங்கிக் கையில் விட்டதில்
திலகேஸ்வரி ஓரெழுத்து இழந்து, ஓரெழுத்து பெற்று
எந்தக் கோயில் அர்ச்சனையிலும் சொல்ல முடியாத
ஒரு பெயரானாள்.
சம்பளச் சீட்டில் அவள்தான். பாஸ்போர்ட்டில் அவள்தான்.
கோபப்பட்டதுண்டு.
இப்போதெல்லாம் யாராவது அப்படிக் கூப்பிட்டால்
சட்டென்று திரும்புகிறேன்.

திருத்திவிடலாமா என்றேன்.
படிவம் காப்பீட்டுக்காரர்களுக்குப் போய்விட்டதே
என்று உதட்டைப் பிதுக்கினார் அம்பாரோ.

அப்போது நெய்னா தும்மினார். நுரைப்பஞ்சுத் தூள்.
தட்டுக்கு முதுகு காட்டி, முழங்கை மடிப்பில், முறையாக.
"சலூத்" என்றார் அம்பாரோ, யோசிக்காமல்.
என்ன அர்த்தம் என்று கேட்டேன்.
பதிலுக்கு வாய் திறந்தவர்
தட்டின் விளிம்பைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
சிரிப்பை அடக்க மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நூறு" என்றேன் நான்.
இரண்டாம் தும்மல். "இருநூறு."
நெய்னா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி மூக்கைத் துடைத்து
தொப்பிக்குள் கைவிட்டு
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.
பதினொன்று.
மறுபடி.
பன்னிரண்டு.